பதினேழு அங்குலம்

சேனாதிபதி வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரப் பார்த்தார். இடுப்பு கூடவே வரவில்லை. குதிகாலை ஊன்றி நகர்ந்தார். தலை நகர்ந்தது, தோள் நகர்ந்தது, இடுப்பு மட்டும் ஈரச் சாக்கோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தது. நடுமுதுகில் பிடித்த வலி பின்தொடை வழியே இறங்கிக் கெண்டைக்காலில் போய் நின்றுகொண்டது. மேலே கியர் பெட்டியிலிருந்து எண்ணெய் சொட்டி நெற்றியில் விழுந்தது. அதைத் துடைக்கக் கையைத் தூக்கினாலும் முதுகுதான் வலித்தது.

"மாப்ளே, காலப் புடிச்சு இழு."

செல்லப்பாண்டி அடுப்புக் கரியில் கையைக் காட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தான். சேனாதிபதியின் மனைவி சிவபாக்கியத்துக்குக் கூடப்பிறந்த தம்பி. முப்பத்துநாலு வயசு, மூன்று பிள்ளைக்குத் தகப்பன். பதினோரு வருஷமாக இந்தப் பட்டறையில் மச்சானோடு சேர்ந்து ஸ்பானர் பிடிக்கிறவன்.

"தனியா வர்றீங்களா மச்சான், இல்ல வண்டியையும் கூட்டிக்கிட்டு வர்றீங்களா?"

"வாய மூடிக்கிட்டு இழுலே."

இழுத்தான். சேனாதிபதி சாக்கோடு சாக்காக வெளியே வந்தார். எழுந்து நிற்கக் கால்மணி நேரம் ஆனது. அதுவும் செல்லப்பாண்டியின் தோளைப் பிடித்து, வண்டியின் மட்கார்டைப் பிடித்து, கடைசியில் சுவரைப் பிடித்து.

பட்டறை என்றால் கோடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ரோட்டுக்குக் கீழே, சரிவில் நிற்கிற வீட்டின் கீழறை. ஒரு வெள்ளைக்காரத் தொரை தன் குதிரைகளுக்குக் கட்டிய லாயம் அது. குதிரைக்கு ஏழடி உயரம் போதும். தொரை அதன்மேல் ஏறுவது வெளியே வந்த பிறகுதானே. தொரை கப்பலேறிப் போய்விட்டார். குதிரைகள் என்ன ஆயின என்று தெரியவில்லை. கூரை மட்டும் அதே ஏழடியில் நின்றது. அந்தக் கூரைப் பலகைதான் மேல்வீட்டுக்குத் தரை. மேலே சிவபாக்கியம் அம்மியில் உட்கார்ந்தால் கீழே தூசி உதிரும். வீட்டுக்காரர் பழனியில் யாத்ரீகர்களுக்குச் சத்திரம் நடத்துகிறவர். வாடகைக்கு விட்டபோதே சொல்லிவிட்டார்: "கூரையத் தொடக்கூடாது. தொட்டா சாவியக் குடுத்துட்டு எறங்கிரணும்."

பதினைந்து வருஷமாக அந்தக் கல்தரையில் மல்லாந்து கிடந்துதான் பிழைப்பு. சீசனில் டாக்சிகள், சீசன் முடிந்தால் காய்கறி லாரிகளின் சில்லறை வேலை. மழை இல்லாத மாதங்களில் தரை சும்மா குளிரும். மழை தொடங்கிவிட்டால் கல்லுக்குக் கல் இடுக்கில் நீர் கசியும். இரண்டு சாக்கு போட்டாலும் ஒரு மணி நேரத்தில் சட்டை நனையும்.

ஆஸ்பத்திரி டாக்டர் முதுகில் விரலை ஊன்றி ஒவ்வொரு முள்ளாகத் தட்டிப் பார்த்தார். "இன்னும் ஒரு மழைக்காலம் அந்தத் தரையில படுத்தீங்கன்னா, அப்புறம் நீங்களா எந்திரிக்க மாட்டீங்க" என்றார். மருந்துச் சீட்டு எழுதினார். படுக்காமல் எப்படி வண்டி பார்ப்பது என்பதற்கு அவரிடம் சீட்டு இல்லை.

முதுகு போனால் பட்டறை போகும். பட்டறை போனால் சிவபாக்கியம் பேத்துப்பாறைக்குக் கூலிக்குப் போவாள். செல்லப்பாண்டி வீட்டிலும் அதே கதைதான். இரண்டு அடுப்பு ஒரு முதுகை நம்பி எரிந்தது. அதனால் ஆளைக் கீழே இறக்குவதை விட்டு வண்டியை மேலே தூக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எதை வைத்துத் தூக்குவது?

முதலில் குழி வெட்டிப் பார்த்தார்கள். சமவெளியில் எல்லாப் பட்டறையிலும் குழிதான். மூலையில் இரண்டு கல்லைப் பெயர்த்துக் கடப்பாரை போட்டார்கள். இரண்டடியில் ஊற்று வந்தது. மூன்றடியில் பாறை வந்தது. ஒரு வாரத்தில் தவளை வந்தது.

"மச்சான், மீன் விடுவமா?" என்றான் செல்லப்பாண்டி. குழியை மூடினார்கள்.

அடுத்தது செயின் பிளாக். உத்தரத்தில் மாட்டிச் சங்கிலியை இழுத்தால் வண்டியின் முன்பக்கம் தூக்கும். மாட்டுகிற கொக்கியும் உருளையும் சேர்ந்தே இரண்டரை அடியைத் தின்றுவிடும். மிச்சத்தில் பானெட் எங்கே தூக்குவது? உத்தரமும் புழுத்திருந்தது. செல்லப்பாண்டி அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:

"இதுல மாட்டி இழுத்தா வண்டி மேல போகாது. அக்காதான் கீழ வரும். அம்மியோட."

மேலேயிருந்து பலகை இடுக்கு வழியே சிவபாக்கியத்தின் குரல் வந்தது. "அம்மி மொதல்ல ஒம் மண்டையிலதான்டா விழும்."

மதுரைக்கு ஒரு நடை போய்ப் பெரிய கம்பெனிப் பட்டறையின் லிஃப்டைப் பார்த்து வந்தார் சேனாதிபதி. பனைமரத் தண்டியில் ஒற்றை இரும்புத் தூண். எண்ணெயின் அழுத்தத்தில் வண்டியை ஆளுயரத்துக்குத் தூக்கியது. அடியில் ஒருவன் நின்றபடி, ஆமாம், நின்றபடி வேலை பார்த்தான். சட்டையின் முதுகு வெள்ளையாக இருந்தது. சேனாதிபதி அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். தரைக்குக் கீழே ஒன்பதடி, தலைக்கு மேலே பன்னிரண்டடி வேண்டும் என்றார்கள். கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்.

வந்ததும் நேரான தைலமரக் குச்சி ஒன்றைச் சீவினார். தரையிலிருந்து கூரைப் பலகை வரை ஏழடி. சீசனுக்கு வருகிற வண்டிகளிலேயே பெரியது பிளிமத். தரையிலிருந்து அதன் தலை ஐந்தடி ஐந்து அங்குலம். கழித்தால் பத்தொன்பது அங்குலம். பலகையில் இடிக்காமலிருக்க இரண்டு அங்குலம் விட்டால் பதினேழு. பதினேழு அங்குலம் தூக்கினால் போதும், முக்கால் அடி உயரத்தில் ஒரு பலகைக் கட்டில் போட்டு ஈரம் படாமல் படுக்கலாம், கையை நீட்டி மடக்கலாம், திரும்பிக்கூடப் படுக்கலாம். குச்சியில் கத்தியால் கொத்தி அடையாளம் வைத்தார். நடுத்தரையில் அதே இடத்தில் நிறுத்தி வெயிலில் ஒருமுறை, மழையில் ஒருமுறை, மேலே ஆட்களை ஏற்றி உட்கார வைத்துப் பலகை எவ்வளவு தொய்கிறது என்று ஒருமுறை அளந்தார். கூரையை அவ்வளவு தூரம் அளந்த மனுஷன் அந்த மலையில் வேறு யாரும் இருக்க முடியாது.

ஆவணி மாதம் மச்சானும் மாப்பிள்ளையும் அந்தக் குச்சியைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் போனார்கள். ரயிலடிக்குப் பின்னால் நல்லசாமி என்பவர் பழைய இரும்புக் கிடங்கு வைத்திருந்தார். யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்டதையெல்லாம் வாங்கிக் குவித்திருந்தார். சின்ன உருவம், வெற்றிலை வாய், நாணயமான ஆள் என்று பெயர்.

"இந்தப் பதினேழு அங்குலத்துக்கா மலையிலேர்ந்து எறங்குனீங்க?" என்று குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது இல்லாமத்தாங்க இத்தன வருசமாத் தரையில கெடக்கேன்."

நல்லசாமி இரண்டு சாமான் காட்டினார். முதலாவது அரைவட்டமாக வளைத்த இரும்புச் சட்டம் இரண்டு. வண்டியின் ஒரு பக்கச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டித் தள்ளினால், வண்டி அப்படியே உருண்டு விலாவில் சாயும். அடிவயிறு முழுசும் சுவர்மாதிரி முன்னால் நிற்கும். குத்தவைத்து உட்கார்ந்து வேலை பார்க்கலாம். விலை நூற்றெண்பது.

செல்லப்பாண்டிக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. "மாட்டச் சாச்சு லாடம் அடிக்கிற மாதிரியே இருக்கு மச்சான். சாஞ்சு கெடக்குறது அதுக்கு மேல எங்க விழும்? விழுந்தாச்சுல்ல."

"பெட்ரோல் கொட்டும், பேட்டரித் தண்ணி கொட்டும்."

"எறக்கி வச்சுட்டுச் சாய்ப்போம். ஒரு மணி நேரம் சோலி கூட. போனாப் போகுது."

"பிளிமத்துக்காரரு வந்து பாத்தா? காச வாங்கிக்கிட்டு என் வண்டிய எருமையாட்டம் படுக்கப் போட்டிருக்கான்னு நாளைக்கே வத்தலக்குண்டுக்கு ஓட்டிட்டுப் போயிருவாரு."

உண்மையில் அவர் மனசில் பிளிமத்துக்காரர் இல்லை. மதுரையில் பார்த்த வெள்ளைச் சட்டை இருந்தது. நின்ற நிலையில் நேராக மேலே போகிற வண்டி இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

இரண்டாவது சாமான் நாலு திருகுத் தூண். ஜீப்புகளைத் தூக்க மிலிட்டரியில் வைத்திருந்தது. ஒவ்வொரு தூணிலும் மணிக்கட்டுத் தண்டியில் திருகாணி, அதைப் பிடித்து ஏறுகிற வெண்கல மரை. முன் அச்சுக்குக் கீழே ஒரு குறுக்குச் சட்டம், பின் அச்சுக்குக் கீழே ஒன்று. நாலு திருகையும் ஒரே சங்கிலி சேர்த்துச் சுற்றும். ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் நாலு மூலையும் ஒன்றாக ஏறும். நல்லசாமி தன் கிடங்கின் சிமிட்டித் தரையில் ஒரு பழைய ஃபோர்டு வேனை அதில் ஏற்றிக் காட்டினார். வேனின் மூக்கில் நிறைத் தம்ளர் டீயை வைத்தார். வேன் ஒன்றரையடி ஏறி நின்றது. டீ தளும்பவில்லை. இறக்கிய பிறகு அந்த டீயைச் சேனாதிபதிக்கே கொடுத்தார்.

"நானூத்தம்பது. குறைக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு, தரை மட்டமா இருக்கணுங்க. ரசமட்டம் வச்சுப் பாத்திருக்கீகளா?"

"கல்லுப் பாவுன தரைங்க. வெள்ளைக்காரன் போட்டது. மட்டந்தான்."

"அதுல கோலிக்குண்டு ஆடலாம்ங்க" என்றான் செல்லப்பாண்டி.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மலையில் பிறந்தவன் கண்ணுக்குச் சரிவு தெரிவது கஷ்டம். அவன் வீடு சரிவில், தோட்டம் சரிவில், அவன் படுக்கிற பாயும் ஒரு பக்கம் ஒரு விரல் தாழ்ந்துதான் கிடக்கும். கோடைக்கானலில் வண்டி நின்றதும் முதலில் கல் இறங்கும், பிறகுதான் ஆள் இறங்குவான். சக்கரத்துக்குக் கல் போடுவது ஓட்டுகிற கைக்குப் பழகிப்போனது. எந்த இடம், என்ன தரை என்று பார்த்துப் போடுவதில்லை. லாயத்துக்குள் வருகிற வண்டிக்கும் பதினைந்து வருஷமாகக் கல் போட்டுத்தான் நிறுத்தினார்கள். அதனால் அங்கே ஒரு வண்டியும் உருண்டதில்லை. உருளாததால் அது மட்டமான தரை.

குதிரை மூத்திரம் வாசல் பக்கம் வடியத் தொரையின் கொத்தனார் பின்சுவரிலிருந்து வாசல் வரை வாட்டம் விட்டுத்தான் கல் பாவியிருந்தார். குதிரையோடு அந்தச் சேதியும் போய்விட்டது.

சிவபாக்கியம் ஐந்து வருஷம் கட்டிய சீட்டை எடுத்துக் கொடுத்தாள். தூண்கள் லாரியில் வந்து இறங்கின. இரண்டே நாளில் பொருத்தினார்கள். முதல் வண்டி ஏறியபோது சிவபாக்கியம் மேலே பலகையில் கன்னத்தை வைத்துப் படுத்து இடுக்கு வழியே பார்த்தாள். "ஏங்க, இடிக்கப்போகுது, இடிக்கப்போகுது" என்று கத்தினாள். இரண்டு விரல்கடை மிச்சம் வைத்து வண்டி நின்றது. அவள் எழுந்து போய்ச் சூடம் கொளுத்தினாள்.

பிறகு இரண்டு மாதம் நன்றாக இருந்தது. சேனாதிபதி பலகைக் கட்டிலில் காய்ந்த சட்டையோடு படுத்து வேலை பார்த்தார். காலையில் எழுந்தால் இரண்டு காலும் தானாகத் தரையில் நின்றன. ஒருநாள் ஏரிவரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தார், சும்மா. செல்லப்பாண்டியின் மனைவி வீரம்மாள் பள்ளங்கியிலிருந்து பூண்டு கொண்டுவந்தவள், அவர் படியேறுவதைப் பார்த்துவிட்டு, "மதினி, அண்ணனுக்குப் பத்து வயசு கொறஞ்சிருச்சு, பாத்து வச்சுக்கங்க" என்று சிவபாக்கியத்திடம் சொல்லிச் சிரித்தாள்.

முன்பக்கத்து இரண்டு திருகும் மட்டும் சுற்றுகையில் முனகின. எண்ணெய் விட்டார்கள். மறுபடி முனகின. "பழைய பட்டாளத்தான்ல, முட்டி வலிக்குது" என்றான் செல்லப்பாண்டி. வெண்கல மரை ஒரு பக்கமாகவே தேய்ந்து பொடி உதிர்ந்ததைச் சேனாதிபதி விரலால் தொட்டுப் பார்த்தார். பழைய சாமான், தேயத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரரின் ஊரான பழனியைச் சேர்ந்த தண்டாயுதபாணி என்பவரின் பிளிமத் கியர் விழாமல் வந்து நின்றது. அவர் வண்டியை விட்டுவிட்டு, தீபாவளி கழிந்து வருகிறேன் என்று பஸ்ஸில் இறங்கிப் போனார். மறுநாள் காலை வண்டியை ஏற்றினார்கள். கியர் பெட்டியைத் தாங்குகிற போல்ட் ஒன்று துருவேறி அசையவில்லை.

சேனாதிபதிதான் கட்டிலில் படுக்கப் போனார். செல்லப்பாண்டி அவரைத் தோளில் தட்டி நகர்த்தினான்.

"நீங்க கைப்பிடியப் பாருங்க மச்சான். முதுகு இப்பத்தான் மனுசன் முதுகா இருக்கு. நான் பாத்துக்கிறேன்."

அடியில் புகுந்தான். ஸ்பானரில் ஒரு முழக் குழாயைச் செருகி, வாசல் பக்கமாகக் காலை உந்தி இழுத்தான். அசையவில்லை. "இந்தா பாரு, பழனிக்காரருக்கே இம்புட்டுப் பிடிவாதம்னா வண்டிக்கு இருக்காதா" என்றான். மறுபடி உந்தினான். சக்கரங்கள் நாலும் காற்றில் தொங்கின. கல் போட அங்கே சக்கரம் தரையில் இல்லை.

முன்தூண் இரண்டும் வாசலைப் பார்த்து மெதுவாகத் தலை குனிந்ததைச் சேனாதிபதி பார்த்தார். மெதுவாகத்தான். கைப்பிடியைத் திருப்பிச் சுற்ற நேரம் இருப்பதுபோலவே தோன்றியது. கை கைப்பிடியில்தான் இருந்தது. மரை கழன்றது. பிளிமத் ஒரு முழம் முன்னால் போய்க் கீழே உட்கார்ந்தது. கட்டில் முறிகிற சத்தம் கேட்டது. வேறு சத்தமும் கேட்டது.

"ஏலே," என்றார் சேனாதிபதி.

செல்லப்பாண்டி கத்தவில்லை. "கால் மச்சான்" என்றான். "கால் மட்டுந்தான்." கொஞ்ச நேரம் கழித்துத்தான் கத்தினான்.

ரோட்டிலிருந்து எட்டுப் பேர் இறங்கி ஓடிவந்தார்கள். தைலமரக் கழிகளைக் கொடுத்து நெம்பி, சாதாரண ஜாக்கி வைத்து அவனை இழுத்தெடுத்தார்கள். வலது தொடை இருந்த இடத்தில் தொடை மாதிரி ஏதும் இல்லை. கதவைக் கழற்றி அதில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் இறுக்கிக் கட்டினார், ஊசி போட்டார். "இங்க ஒண்ணும் செய்ய முடியாது. மதுரைக்குக் கொண்டுபோங்க. இப்பவே. படுத்த வாக்கில போகணும், உக்கார வச்சா ரத்தம் நிக்காது."

மூஞ்சிக்கல்லில் ஒரு டாக்சி இல்லை. சீசன் முடிந்து எல்லாரும் இறங்கிவிட்டார்கள். இருந்த ஒரே பெரிய வண்டி லாயத்துக்குள் மூக்கு உடைந்து கிடந்தது.

டீக்கடை முன்னால் ஒரு காய்கறி லாரி நின்றது. பூம்பாறையிலிருந்து வத்தலக்குண்டு சந்தைக்கு உருளைக்கிழங்கு ஏற்றிப் போகிறது. ஓட்டுகிறவன் மணியன், சேனாதிபதி எத்தனையோ தடவை அந்த லாரிக்குப் பிரேக் கட்டிக் கொடுத்திருக்கிறார். பின்கதவு வரை மூட்டை. ஆளைப் படுக்க வைக்க இடமில்லை.

"கடைசி வரிசை எறக்குனா எடம் கெடைக்கும்" என்றான் மணியன். "ஆனா அது எஞ் சரக்கு இல்ல. பெரியவரு சரக்கு."

பெரியவர் மூட்டைகளின்மேல் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். கிளாவரை ஆண்டிச்சாமி. அங்கிருந்து பூம்பாறை வரை இரண்டு மட்டக்குதிரையில் மூன்று நடை அடித்துக் கிழங்கைக் கொண்டுவந்து சேர்த்தவர். பதினோரு மூட்டை. அந்த வருஷம் அவருடைய வெள்ளாமை மொத்தமும் அதுதான்.

அவர் கீழே கதவுப்பலகையில் கிடந்தவனைப் பார்த்தார். வீரம்மாள் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் மழையில் உட்கார்ந்திருந்தாள்.

"எறக்குங்கப்பா" என்றார் ஆண்டிச்சாமி. "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக. வெரசா எறக்குங்க."

பதினோரு மூட்டையையும் டீக்கடைச் சுவரோரம் அடுக்கினார்கள். ஆண்டிச்சாமி தன் கம்பளியைச் செல்லப்பாண்டிமேல் போட்டார். மூட்டைக்குக் காவலாக அவர் அங்கேயே நின்றுகொண்டார். "திரும்பி வர்றப்ப ஏத்திக்கலாம், போ" என்றார் மணியனிடம். "நான் இருக்கேன் பெரியவரே, ஒங்க கெழங்குக்கு நான் பொறுப்பு" என்று லாரியின் பின்னால் தொற்றிக்கொண்டே சேனாதிபதி சொன்னார்.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் வலது காலைத் தொடையோடு எடுத்தார்கள். உயிர் தங்கியது. எடுத்த மறுநாள் செல்லப்பாண்டி கண்ணைத் திறந்து போர்வையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"மச்சான், இனிமே செருப்பு வாங்குனா ஒரு செருப்பு ஒங்களுக்கு" என்றான். வீரம்மாள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். சேனாதிபதி சிரிக்கவேண்டும் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் சிரித்தார், அதற்குப் பிறகு அந்த முகத்தை எப்படிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று லாரி இறங்கிய ராத்திரியே பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. திறக்கப் பன்னிரண்டு நாளாயிற்று. மழையும் விடவில்லை. சேனாதிபதி சரிவை நடந்து தாண்டி மேலே வந்து சேர்ந்தபோது டீக்கடைச் சுவரோரம் மூட்டைகள் இருந்தன. பக்கத்தில் போகாமலே நாற்றம் வந்தது. சாக்கைத் தொட்டால் விரல் உள்ளே போயிற்று. ஆண்டிச்சாமி எட்டு நாள் இருந்து பார்த்துவிட்டு ஊருக்கு நடந்தே போனதாக டீக்கடைக்காரர் சொன்னார். பாதி விலைக்காவது தள்ளிவிடக் கடை கடையாகக் கேட்டாராம். ஊரே உருளைக்கிழங்கு விளைக்கிற ஊர். நனைந்த கிழங்கை யார் வாங்குவார்கள்?

ரோடு திறந்ததும் நல்லசாமி திண்டுக்கல்லிலிருந்து தானாகவே வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். சண்டை போடத் தயாராக இருந்தார் சேனாதிபதி. வெண்கல மரைத் தேய்மானம், ஏமாத்துச் சரக்கு, போலீசு என்று பன்னிரண்டு நாளாகச் சேர்த்து வைத்த பேச்சு அவ்வளவும் நாக்கு நுனியில் இருந்தது. நல்லசாமி பையிலிருந்து ஒரு சாண் நீள மரக்கட்டையை எடுத்தார். அதன் நடுவே கண்ணாடிக் குழல், குழலில் ஒரு குமிழி. குனிந்து தரையில் வைத்தார். குமிழி நடுக்கோட்டில் ஒரு கணம்கூட நிற்கவில்லை. பின்சுவர்ப் பக்க முனைக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. வேறு இடத்தில் வைத்தார். அங்கேயும் ஓடியது. நாலு தூண் நின்ற நாலு இடத்திலும் வைத்தார்.

"முன்னுக்கும் பின்னுக்கும் அஞ்சு அங்குலம் வாட்டமிருக்குங்க" என்றார். "நாங் கேட்டேனே."

வீரம்மாள் புருஷனுக்குச் சட்டை எடுத்துப்போக வந்தவள் வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வந்து குனிந்தாள்.

"அந்தக் கண்ணாடியில என்னங்க தெரியுது?"

"தரை மட்டமா இருந்தா அந்தக் குமிழி நடுவுல நிக்கும்மா. சரிவா இருந்தா ஓடும்."

அவள் குமிழியைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பின்சுவர் வரை போய், முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, கன்னம் கல்லில் படுகிற அளவு தலையைச் சாய்த்து வாசலைப் பார்த்தாள். எழுந்து வந்தாள்.

"எனக்குத் தெரியலையேங்க" என்றாள். "நேராத்தான இருக்கு?"

அவள் திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அதற்கெல்லாம் சேனாதிபதி தலையைக் கொடுக்கத் தயாராக இருந்தார். அவள் நேராத்தான இருக்கு என்று சொன்னபோது அவருக்கு உட்காரவேண்டும்போல இருந்தது. உட்கார்ந்தால் எழ முடியாதென்று சுவரைப் பிடித்துக்கொண்டார். நல்லசாமி தூண்களை நூற்றிருபதுக்கு எடுத்துக்கொண்டார். இரும்பு எடைக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும், கூட்டித்தான் கொடுத்தார். அது பிளிமத்தின் மூக்குக்கும் மதுரைச் செலவுக்கும் போயிற்று.

சிவபாக்கியம் பேத்துப்பாறைக்குப் போகத் தொடங்கினாள். வெள்ளனே ஐந்து மணிக்கு அவள் படியிறங்குவது படியேற முடியாமல் கீழே பட்டறையிலேயே படுத்திருப்பவருக்குக் கேட்கும். வீரம்மாளும் அவளோடு போனாள். இரண்டு பேரும் வழியில் பேசிக்கொண்டு போனார்களா என்று அவர் கேட்டதில்லை. செல்லப்பாண்டி வீட்டு வாசலில் கட்டையை ஊன்றி உட்கார்ந்து கார்புரேட்டர் கழுவிக் கொடுத்தான். அதற்குக் கூலி கொடுக்க, வண்டி வருகிற நாளில்தான் சேனாதிபதியிடம் காசு இருந்தது.

தை மாதம் ஒரு காலையில் சேனாதிபதி சாக்கை விரித்து ஒரு லேண்ட்மாஸ்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். இடது கால் மரத்துப்போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. வண்டிக்கு வெளியே இரண்டு பாதம் வந்து நின்றது. செருப்பில்லாத, பித்தவெடிப்பு விழுந்த, செம்மண் ஏறிய பாதம்.

"மெக்கானிக்கு இருக்காருங்களா?"

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. வெளியே வர முயன்றார். முடியவில்லை. காலைப் பிடித்து இழுக்க ஆள் இல்லை.

"இங்கதாங்க கெடக்கேன் பெரியவரே."

ஆண்டிச்சாமி குத்தவைத்து உட்கார்ந்து வண்டிக்கடியில் குனிந்து பார்த்தார். கம்பளி இல்லாமல் ஒரு கிழிந்த கோட்டைப் போட்டிருந்தார்.

"அந்தப் பையன் எப்படி இருக்கான்?"

"இருக்கான்ங்க. காலு ஒண்ணு போச்சு."

"உசுரு இருக்குல்ல. சரி." கோட்டை இழுத்து மூடிக்கொண்டார். "மாசி பொறந்தா நடணும். வெதைக்கிழங்கு இல்ல. போன வெள்ளாமைய வித்து வாங்கிக்கலாம்னு இருந்தேன், அது அப்படி ஆகிப்போச்சு. வீட்டுல பொம்பள சொன்னா, போயிக் கேட்டுப் பாருங்கன்னு. நானா வரலைங்க."

"தெரியுதுங்க."

"பதினொண்ணும் கேக்கல. நடுறதுக்கு ரெண்டு மூட்டை கெடைச்சாக்கூட. மத்தத மெதுவாப் பாப்பம்."

சேனாதிபதி மேலே பார்த்தார். கண்ணுக்கு ஒரு சாண் உயரத்தில் லேண்ட்மாஸ்டரின் அடிவயிறு, அதில் சேறு. பையில் ஒன்றேகால் ரூபாய் இருந்தது. அதில் வீரம்மாள் வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டும்.

"மாசி கழிச்சுப் பாக்குறேன் பெரியவரே."

"மாசி கழிஞ்சா நட முடியாதுங்களே" என்றார் ஆண்டிச்சாமி. கோபமாகச் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னார். முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். அந்தப் பாதங்கள் சற்று நேரம் அங்கேயே நின்றன. பிறகு வாசல் பக்கம் போயின. கிளாவரை போய்ச் சேர அவருக்கு அன்று முழுசும், மறுநாள் பாதியும் ஆகும்.

அந்த மாசியில் ஆண்டிச்சாமி நடவில்லை. அடுத்த வருஷமும் சேனாதிபதியால் கொடுக்க முடியவில்லை.

கிளாவரை ஆண்டிச்சாமிக்குப் பதினோரு மூட்டை உருளைக்கிழங்கு பாக்கி.